நினைவகம்

நினைவு + அகம். அகம் என்றால் உள்ளிடம், வீடு, மனம். மூன்றுமே இங்கே பொருந்துவது அழகு. தலைவர்களுக்கு எழுப்புவதும் நினைவகம்தான், அது மறக்காமலிருக்க. கணினியின் நினைவகமோ மின்சாரம் நின்றதும் எல்லாவற்றையும் மறந்துவிடும். நிலையாக வைத்திருப்பது சேமிப்பகம். இந்த வேறுபாடு தெரியாமல் வாங்கினால் பணம் வீண்.

நாவலூரில், ராஜீவ் காந்தி சாலைப் பக்கம், பேச்சில் கணினியின் நினைவகம் ‘ரேம்’. “எட்டு ஜிபி ரேம் கொடுங்க” என்று மட்டும் கேட்டால் போதாது. மேசைக் கணினிக்கான டிடிஆர்4, டிடிஆர்5 என்ற ரேம் வகைகள் இரண்டுக்கும் 288 பின்கள்தான். ஆனால் கீழ்விளிம்பில் உள்ள வெட்டு இடம் மாறியிருக்கும், ஒன்றின் ஸ்லாட்டில் மற்றது உட்காராது. மடிக்கணினிக்கானது நீளம் குறைவு: டிடிஆர்4-இல் 260, டிடிஆர்5-இல் 262 பின்கள். பழைய ரேமைக் கழற்றி, கையோடு கடைக்குக் கொண்டுபோங்கள்.