பால்டின் கண் களிம்பு

பால்டின் கண் களிம்பு என்பது, பழைய ஆங்கிலத்தில் எழுதப்பட்ட ‘பால்டின் மருத்துவ நூல்’ என்னும் சுவடியில் கண்கட்டிக்குக் கூறப்பட்ட மருந்தாகும். 10ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த இச்சுவடி பிரித்தானிய நூலகத்தில் உள்ளது. பால்ட் என்பவர் இந்நூலை எழுதுவித்து வைத்திருந்தவர் என்பது அதன் முடிவிலுள்ள லத்தீன் வரிகளால் தெரிகிறது. அவரைப் பற்றி வேறு செய்தி இல்லை.

பூண்டையும் வெங்காய இனப் பூண்டு ஒன்றையும் சம அளவில் எடுத்து நன்றாக இடிக்க வேண்டும். திராட்சை மதுவையும் காளையின் பித்தநீரையும் சம அளவில் சேர்க்க வேண்டும். பித்தளைப் பாத்திரத்தில் 9 இரவுகள் வைத்துத் துணியில் வடிகட்டி, கொம்பில் சேமித்து, இரவில் இறகால் கண்ணில் தடவ வேண்டும். அந்த வெங்காய இனம் வெங்காயமா லீக்ஸா என்பது சொல்லிலிருந்து தெளிவாகவில்லை.

ஆஸ்வால்ட் காக்கெய்ன் 1860களில் இந்நூலை ஆங்கிலத்தில் பெயர்த்தார். மந்திரங்களும் கலந்திருந்ததால், இத்தகைய நூல்களை மூடநம்பிக்கைத் தொகுப்பு என்று ஒதுக்குவது எளிதாயிற்று.

நாட்டிங்காம் பல்கலைக்கழகத்தில் பழைய ஆங்கில அறிஞர் கிறிஸ்டினா லீயும் நுண்ணுயிரியலாளர் பிரேயா ஹாரிசனும் இணைந்து இம்மருந்தைச் சொன்னபடியே செய்து பார்த்தனர். இருவகை வெங்காய இனமும் தனித்தனியே சோதிக்கப்பட்டன. பித்தளைப் பாத்திரத்தைக் கிருமிநீக்கம் செய்வது கடினம் என்பதால், கண்ணாடிக் குப்பியில் பித்தளைத் துண்டுகள் இடப்பட்டன. 2015இல் முடிவு வெளியானது. கண்கட்டிக்கு வழக்கமான காரணமான ஸ்டாபிலோகாக்கஸ் ஆரியஸ் என்னும் பாக்டீரியாவை இக்கலவை பெருமளவில் கொன்றது. மெத்திசிலினுக்கு அடங்காத வகை தொற்றிய எலிப் புண்களில் நடந்த சோதனையிலும் அது பலன் தந்தது.

வியப்பு வேறிடத்தில் உள்ளது. பூண்டிலுள்ள அல்லிசின் பாக்டீரியாவைக் கொல்லும் என்பது முன்பே தெரிந்ததே. ஆனால் புண்களில் பாக்டீரியாக்கள் தனித்து மிதப்பதில்லை. பிசுபிசுப்பான உயிரிப்படலத்துக்குள் கூட்டமாக ஒளிந்துகொள்கின்றன. அங்கே பல நுண்ணுயிர்க்கொல்லிகள் எளிதில் வேலை செய்வதில்லை. மிதக்கும் பாக்டீரியாவைக் கொல்ல அல்லிசினே போதும், படலத்தில் உள்ளவற்றை அழிக்க நான்கு பொருள்களும் வேண்டும் என்று 2020இல் வெளியான ஆய்வு காட்டியது. மூலிகையிலிருந்து ஒரே ஒரு வேதிப்பொருளைப் பிரித்தெடுத்து மருந்தாக்கும் வழக்கமான முறையில், இக்களிம்பு பயனற்றது என்று தள்ளப்பட்டிருக்கக்கூடும்.

பின்னர் நலமான தன்னார்வலர்களின் தோலில் பாதுகாப்புச் சோதனையும் நடத்தப்பட்டது. எனினும் இது இன்னும் ஆய்வுநிலையில்தான் உள்ளது. பச்சைப் பூண்டு தோலையே புண்ணாக்கும் ஆதலால், வீட்டில் செய்து கண்ணில் இடுவது ஆபத்தானது.