பனிப்பாதையில் துவிச்சக்கர வண்டி

அலாஸ்காவில் ஆண்டுதோறும் பெப்ரவரி மாத இறுதியில் ஒரு சைக்கிளோட்டப் போட்டி ஆரம்பமாகின்றது. நிக் ஏரிக்கரையிலிருந்து மக்கிறாத் என்னும் ஊர் வரை 350 மைல். துணிந்தவர்களுக்கு பேரிங் கடற்கரையிலுள்ள நோம் நகர் வரை 1000 மைல். வெப்பநிலை பூச்சியத்துக்குக் கீழே 40 பாகைக்கு இறங்குவதுண்டு. பரிசுப் பணம் கிடையாது. உறங்குபையையும் அடுப்பையும் உணவையும் வண்டியிலேயே கட்டிக்கொண்டு புறப்பட வேண்டும். இப்படியொரு செய்தி எமது செய்தி மேசைகளுக்கு வந்தால் விநோதச் செய்திகளின் மூலையில் நான்கு வரியாக இட்டுவிட்டு மறந்துவிடுவோம். நானும் பல காலம் இந்தத் தொழிலில் இருந்தவன் என்பதால் சொல்கிறேன், அந்த மூலைக்குள் பல நல்ல வரலாறுகள் புதைந்து கிடக்கின்றன.

அந்தப் பனியில் சைக்கிள் மிதித்த முதல் மனிதர்கள் விளையாட்டு வீரர்கள் அல்லர், வயிற்றுப்பாட்டுக்காகப் புறப்பட்டவர்கள். 1899 இல் நோம் நகரின் கடற்கரை மணலிலேயே பொன் கிடைக்கின்றது என்ற செய்தி, கனடாவின் டோசன் நகரில் ஏமாந்து கிடந்த பொன் தேடிகளை உலுக்கியது. இடையில் ஆயிரம் மைலுக்கும் மேற்பட்ட தூரம். உறைந்துபோன யூக்கொன் ஆறுதான் வீதி. நாய்வண்டி வாங்கப் பெரும் பணம் வேண்டும். நாய்களுக்குத் தீனியும் போட வேண்டும். எட் ஜெசன் என்பவர் 150 டொலர் கொடுத்து ஒரு துவிச்சக்கர வண்டியை வாங்கினார். அதற்கு இரவில் எதுவும் சமைத்துப் போடத் தேவையில்லை என்பது அவர் கண்ட பெரும் இலாபம். 1900 பெப்ரவரி 22 ஆம் திகதி புறப்பட்டவர் ஐந்து வாரங்களுக்குச் சற்று மேலான காலத்தில் நோமை அடைந்தார். கடுங்குளிரில் ரயர்கள் கல்லாக இறுகின. சக்கரக் குண்டுகளுக்கு இட்ட எண்ணெய் உறைந்தது. குளிர் தணியும்வரை காத்திருப்பதைத் தவிர அவருக்கு வேறு வழியிருக்கவில்லை.

அதே ஆண்டு மார்ச் 2 ஆம் திகதி, சில நாட்கள் பிந்தி, மக்ஸ் ஹேர்ஷ்பேர்க் என்ற இளைஞர் புறப்பட்டார். அந்தச் சில நாட்களின் தாமதம் அவருக்கு மிகுந்த விலையாயிற்று. வழியிலேயே வசந்தம் அவரைப் பிடித்துக்கொண்டது. பனியின் கூச்சத்தால் பார்வை மங்கியது. உடைந்த மிதிகட்டைக்குப் பதிலாக மரத்துண்டைப் பொருத்தினார். ஷக்தூலிக் ஆற்றில் பனித்தளம் உடைந்து நீருக்குள் வீழ்ந்தபோது, 1500 டொலர் பெறுமதியான பொன்தூளும் கைக்கடிகாரமும் போயின. நோமுக்குக் கிழக்கே சங்கிலி அறுந்தது. மேற்சட்டையைக் கழற்றிப் பாயாகக் கட்டி, காற்று தள்ள வண்டியைச் செலுத்தினார். மே 19 ஆம் திகதி நோமை அடைந்தார். பொன் தேடிப் போனவர் இருந்த பொன்னையும் ஆற்றுக்குக் கொடுத்துவிட்டுப் போய்ச் சேர்ந்தார்.

பின்னர் அப்பாதையை நாய்வண்டிகளும் விமானமும் எடுத்துக்கொண்டன. 1973 இல் இடிட்டறோட் நாய்வண்டிப் போட்டி ஆரம்பமாயிற்று. 1987 இல் அதே பாதையின் ஒரு பகுதியில் 200 மைல் சைக்கிளோட்டம் நடத்தப்பட்டது. அப்போதுதான் ஜெசனுக்குத் தெரிந்திருந்த உண்மையைப் புதியவர்கள் கற்றார்கள்: அங்கே பாதை என்பது ஸ்னோமொபைல்களும் நாய்வண்டிகளும் அழுத்திய ஒரு கோடு மாத்திரமே. ஓரிரவுக் காற்று அதை அழித்துவிடும். ஒடுங்கிய ரயர் புதையும். இறங்கித் தள்ள வேண்டும்.

இந்தத் தள்ளுதலைப் படிக்கையில் எமக்கு வேறொன்று நினைவுக்கு வருவதைத் தவிர்க்க முடியாது. 1995 ஒக்ரோபர் இறுதியில் வலிகாமத்திலிருந்து இடம்பெயர்ந்த மக்கள், சாக்குகளும் முதியவர்களும் ஏறிய சைக்கிள்களை மழையிரவில் செம்மணி வழியே தள்ளிச் சென்றார்கள். அவர்களை யாரும் வீரர்கள் என்று அழைக்கவில்லை. விரும்பி ஏற்கும் துன்பத்துக்குக் கிடைக்கும் கைதட்டல் விதிக்கப்பட்ட துன்பத்துக்குக் கிடைப்பதில்லை. அதற்காக இப்போட்டியாளர்களை இகழவும் நான் தயாரில்லை. அவர்கள் பட்ட பாட்டிலிருந்து ஒரு புதிய வண்டி பிறந்தது.

பெரிய கம்பனிகள் எதுவும் முதலில் இதைக் கவனிக்கவில்லை. அலாஸ்காவின் பட்டறைகளில் இரண்டு ரிம்களை அருகருகே ஒட்டவைத்து அகலச் சக்கரம் செய்து பார்த்தார்கள். பெயர்பாங்ஸ் நகரின் சைமன் ராக்கோவர் 44 மில்லிமீற்றர் அகலமான ரிம் ஒன்றை உருவாக்கினார். பாலை மணலுக்காக ரே மொலீனா வடிவமைத்த இன்னும் அகலமான ரிம்மையும் ரயரையும் அலாஸ்காவின் மார்க் குரோனவால்ட் பனிக்குக் கொண்டுவந்தார். 2005 இல் சேர்லி நிறுவனம் 3.7 அங்குல ரயருடன் பக்ஸ்லி என்ற வண்டியைச் சந்தைக்கு விட்டது. சாதாரண மலைச் சைக்கிளின் ரயர் அந்நாளில் ஏறத்தாழ 2 அங்குலம். கையால் அமுக்கினால் நெளியுமளவுக்குக் காற்றைக் குறைத்துவிட்டால் ரயர் பனிமீது பரந்து நிற்கும். இன்று கடற்கரைகளில் உல்லாசமாக ஓட்டப்படும் பருத்த ரயர் வண்டியின் பூர்வீகம் இதுதான்.

விளைவு எண்களில் தெரிந்தது. 2000 ஆம் ஆண்டில் மைக் கியூரியாக் நோமை அடைய 15 நாட்களுக்குச் சற்று மேல் எடுத்தது. 2014 இல் ஜெப் ஓட்லி அத்தூரத்தை 10 நாட்களும் சுமார் 3 மணித்தியாலங்களும் கொண்டு முடித்தார். அவ்வாண்டு பனி குறைந்து பாதை இறுகிக் கிடந்ததையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

எனக்கு இவர்களெல்லோரிலும் நெருக்கமானவர் ஜில் ஹோமர். எமது தொழிலைச் சேர்ந்தவர். ஜூனோ நகரின் நாளிதழில் பணியாற்றியவர். 2009 இல் பனித்தளம் உடைந்து அவரது கால் ஏரி நீரில் இறங்கியது. குளிரில் விரல்கள் பாதிக்கப்பட்டு விலகினார். 2016 இல் மீண்டும் வந்து 17 நாட்களில் நோமை அடைந்தார். இரட்டை எண் ஆண்டுகளின் அந்தப் பாதை யூக்கொன் ஆற்றில் இறங்கி, ஷக்தூலிக்கைக் கடந்து செல்வது. ஹேர்ஷ்பேர்க் தன் பொன்னை இழந்த அதே ஷக்தூலிக். அப்பயணம் பற்றிய தன் நூலுக்கு அவர் 'வடகாற்றினுள்' என்று பொருள்படும் பெயரை இட்டார். ஹேர்ஷ்பேர்க்கின் மேற்சட்டைப் பாய்க்குக் காற்று பின்னாலிருந்து வீசியது.