பிச்சாவரம் அலையாத்திக் காட்டு மண்

கடலூர் மாவட்டத்தில், சிதம்பரத்துக்குக் கிழக்கே, வடக்கில் வெள்ளாற்றுக் கழிமுகத்துக்கும் தெற்கில் கொள்ளிடக் கழிமுகத்துக்கும் நடுவே சுமார் 1,100 ஹெக்டேர் பரப்பில் பிச்சாவரம் அலையாத்திக் காடு அமைந்துள்ளது. பல சிறு தீவுகளும் அவற்றைச் சூழ்ந்தோடும் நீரோடைகளும் கொண்ட இச்சதுப்புநிலம், பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் 2022ஆம் ஆண்டு இடம்பெற்றது. வெட்டப்பட்ட காடு பல ஆண்டுகள் சென்றும் தானாகத் தழைக்காமைக்குக் காரணம் மண்ணே என்று காட்டி, அம்மண்ணைச் சீர்செய்வதன் வழியாகவே காட்டை மீட்ட ஆய்வுகளால் இவ்விடம் இந்தியக் காட்டுமண் ஆய்வுகளில் குறிப்பிடத்தக்கதாகிறது.

காடு அழிந்தபின் மண்ணுக்கு நேர்வது குறித்த அறிவின் ஒரு பகுதி காட்டுத்தீ ஆய்வுகளிலிருந்து பெறப்பட்டதாகும். மண் வெப்பத்தை எளிதில் கடத்தாததால் தீயின் தாக்கம் பெரும்பாலும் மேற்பரப்பை அடுத்த சில சென்டிமீட்டர் ஆழத்தோடு நின்றுவிடுகிறது. ஆயினும் இலைமக்கும் நுண்ணுயிரும் செறிந்திருப்பது அந்த மெல்லிய அடுக்கில்தான் என்பதால் இழப்பு சிறிதன்று. தழைச்சத்து ஆவியாகி வெளியேற, சாம்பலிலுள்ள சுண்ணாம்புச் சத்தும் சாம்பல்சத்தும் மண்ணின் காரத்தன்மையைச் சிறிது காலத்துக்கு உயர்த்துகின்றன. எரியும் சருகிலிருந்து எழும் மெழுகு போன்ற கரிமப் பொருள்கள் ஆவியாகிக் கீழிறங்கி, குளிர்ந்த மணற்பருக்கைகளின்மேல் படிவதால், நீரை உள்ளே விடாத ஓர் அடுக்கு மண்ணுக்குள் உருவாகக்கூடும் என்பதை அமெரிக்க மண்ணியலாளர் லெனார்டு டிபேனோவும் அவருடைய சக ஆய்வாளர்களும் கலிபோர்னியக் குன்றுகளில் விரிவாக ஆராய்ந்தனர். தமிழ்நாட்டில் முதுமலையின் இலையுதிர் காடுகளில், இந்திய அறிவியல் கழகத்தைச் சேர்ந்த ஆர். சுகுமாரின் குழுவினர் 1988இல் அமைத்த 50 ஹெக்டேர் நிலையான ஆய்வுப் பரப்பு, தீக்குப் பின் மரங்கள் மடிவதையும் மீள்வதையும் நீண்ட காலமாகப் பதிவுசெய்து வருகிறது. பிச்சாவரத்தின் ஈரமண்ணில் தீக்கு இடமில்லை. எனினும் மலைக்காடுகளில் தீ செய்வதை, அதாவது மூடாக்கை நீக்கி மண்ணின் இயல்பையே மாற்றிவிடுவதை, இங்குக் கோடரியும் வெயிலும் சேர்ந்து செய்தன.

பிச்சாவரத்து மண் ஆற்றுவண்டலும் கடல் சேர்த்த மணலும் களியும் கலந்தது. ஓதநீர் நாள்தோறும் ஊறுவதால் துளைகளில் காற்று அரிதாகி, மேற்பரப்புக்குச் சற்றுக் கீழேயே உயிர்வளியற்ற நிலை நிலவுகிறது. அங்கு வாழும் பாக்டீரியாக்கள் கடல்நீரின் சல்பேட்டைச் சல்பைடாக மாற்றுவதால் மண் கறுத்து, அழுகிய முட்டை நாற்றம் வீசுகிறது. இக்காட்டில் மிகுந்திருக்கும் வெண்கண்டல் எனப்படும் அவிசென்னியா மரினா, மண்ணுக்கு மேலே நீட்டிய மூச்சுவேர்களால் காற்றைப் பெறுகிறது. ரைசோபோரா இனத்தைச் சேர்ந்த சுரபுன்னை, தாங்குவேர்களிலுள்ள துளைகள் வழியாக அதைச் செய்கிறது. சிதம்பரம் நடராசர் கோயிலின் தலமரமான தில்லையும் இக்காட்டு மரமே. இவை யாவும் உப்பைத் தாங்குவனவே எனினும், அத்தாங்குதிறனுக்கு எல்லை உண்டு; மண்நீரின் உப்பளவு கடல்நீரின் அளவான லிட்டருக்கு 35 கிராமை வெகுவாகத் தாண்டிவிட்டால் நாற்றுகள் பிழைப்பதில்லை.

ஆங்கிலேயர் ஆட்சியில் தொடங்கி 1970கள் வரை இக்காடு கூப்பு முறையில் வெட்டப்பட்டது. காட்டைப் பகுதிகளாகப் பிரித்து, முறைவைத்து ஒவ்வொரு பகுதியையும் முழுமையாக வெட்டி விற்று, அடுத்த சுற்று வருமுன் அது தானே வளர்ந்துவிடும் என்று விட்டுவிடுவதே இம்முறை. இக்கணக்கு சதுப்புநிலத்தில் பொய்த்தது. நிழல் நீங்கியதும் மண்ணிலிருந்த நீர் வெயிலில் ஆவியாக, களிமண் சுருங்கித் தாழ்ந்தது. வெட்டிய பகுதியின் நடு தாழ்ந்து விளிம்பு உயர்ந்து, நிலம் ஒரு தொட்டியின் வடிவத்தை அடைந்தது. இக்கடற்கரையில் ஓதத்தின் ஏற்ற இறக்கம் ஒரு மீட்டருக்கும் குறைவாதலால், சில சென்டிமீட்டர் பள்ளமே நீரின் போக்கை மாற்றப் போதுமானது. பெரிய ஓதத்தின்போது உட்புகுந்த கடல்நீர் வெளியேற வழியின்றித் தேங்கி, கோடை முழுவதும் வற்றி, உப்பை மட்டும் விட்டுச் சென்றது. ஆண்டுதோறும் இது நிகழ்ந்ததால் மரங்கள் நின்ற இடத்தில் உமரிச் செடிகளே எஞ்சின. பல இடங்களில் அவையும் இல்லாமல் வெற்றுநிலம் ஆயிற்று.

இச்சீரழிவுக்குச் சுற்றுக் கிராம மக்களின் விறகு வெட்டலும் கால்நடை மேய்ச்சலுமே காரணம் என்று நெடுங்காலம் சொல்லப்பட்டு வந்தது. 1990களில் வி. செல்வம் உள்ளிட்ட எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிவியலாளர்கள் நிலமட்டத்தையும் உப்பளவையும் நீரோட்டத்தையும் ஆராய்ந்து, முதன்மைக் காரணம் கூப்பு வெட்டலும் அதனால் மண்ணின் வடிவம் மாறியதுமே என்று நிறுவினர். இம்முடிவின் மதிப்பு அறிவியலோடு நிற்பதன்று. உழைத்துப் பிழைக்கும் மீனவர்மீதும் இருளர் பழங்குடியினர்மீதும் சுமத்தப்பட்ட பழியை அது நீக்கியதோடு, அவர்களைக் காட்டின் பகைவராகக் கருதாமல் மீட்புப் பணியின் பங்காளிகளாகக் கொள்ளவும் வழிவகுத்தது.

மீட்பு முறையும் இக்காரண அறிவிலிருந்தே பிறந்தது. நீர் தேங்கிய இடங்களையும் இயற்கை ஓடைகளையும் இணைத்து முதன்மை வாய்க்கால்களும், அவற்றிலிருந்து சாய்கோணத்தில் பிரியும் கிளை வாய்க்கால்களும் வெட்டப்பட்டன. மேலிருந்து பார்த்தால் மீனின் முள்ளமைப்பை ஒத்திருப்பதால் இது மீன்முள் வாய்க்கால் முறை எனப்படுகிறது. வாய்க்காலின் மேலகலம் கூடுதலாகவும் அடியகலம் குறைவாகவும் அமைவதால் கரைகள் சரிவாக இருக்கும். ஏற்றத்தில் நீர் உட்புகுந்து வற்றத்தில் வெளியேறும்போது உப்பையும் உடன் கரைத்துச் செல்ல, மண்ணின் ஈரம் நிலைபெறுகிறது. அதன்பின்னரே, ஓதநீர் நாள்தோறும் நனைக்கும் கரைச்சரிவில் நாற்றுகள் நடப்பட்டன. அலையாத்தி மண்ணை ஆழத் தோண்டுவதில் ஓர் இடர் உண்டு: காற்றுப்படாமல் கிடந்த இரும்புச் சல்பைடு வெளிப்பட்டு உயிர்வளியோடு சேர்ந்தால் கந்தக அமிலம் உண்டாகி மண் புளித்துவிடும். தேவைக்கு மேல் ஆழம் தோண்டலாகாது என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

வனத்துறையும் கிராம மக்களும் இணைந்து மேற்கொண்ட இப்பணியின் பயனைச் செயற்கைக்கோள் படங்கள் காட்டின; 1986க்கும் 2002க்கும் இடையே பிச்சாவரத்தின் காட்டுப்போர்வை சுமார் 90 விழுக்காடு உயர்ந்தது என்று செல்வமும் அவருடன் ஆய்ந்தோரும் 2003இல் வெளியிட்டனர். 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பின், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் பரங்கிப்பேட்டை கடல் உயிரியல் மையத்தைச் சேர்ந்த க. கதிரேசனும் ந. இராசேந்திரனும் இப்பகுதியின் 18 குடியிருப்புகளை ஒப்பிட்டு, மரப்போர்வை உயிரிழப்பைக் குறைத்தது என்று 2005இல் எழுதினர். கடலிலிருந்துள்ள தொலைவும் நிலத்தின் உயரமுமே அவ்வேறுபாட்டைப் பெரிதும் விளக்கும் என்று வேறு ஆய்வாளர்கள் மறுத்தனர். அவ்விவாதம் எவ்வாறாயினும், மரவேர்கள் வண்டலைப் பிடித்து நிறுத்துவதும் ஈரமண்ணில் கரிமம் நெடுங்காலம் சேமிக்கப்படுவதும் ஐயத்துக்கு இடமற்றவை.

இம்முறைக்கு ஓயாத பராமரிப்பு தேவை. ஓதநீரோடு வரும் வண்டல் வாய்க்கால்களில் படிந்து அவற்றைத் தூர்த்துவிடுவதால், காலந்தோறும் தூர்வாராத இடங்களில் நீர் மீண்டும் தேங்குகிறது. கடலோடு இக்காட்டை இணைக்கும் சின்னவாய்க்கால் முகத்துவாரத்தில் மணல் சேரும்போது ஓதமே தளர்ந்துவிடுகிறது. கொள்ளிடத்து நன்னீரோ வடகிழக்குப் பருவமழைக் காலத்தில்தான் பெரிதும் வந்து சேர்கிறது. மேலே அணைகளிலும் பாசனத்திலும் நீர் நின்றுவிடும் ஆண்டுகளில் கோடை உப்பு கூடுகிறது. உப்பை ஓரளவே பொறுக்கும் மரங்கள் குறைந்து, மிகுதியும் பொறுக்கும் வெண்கண்டலே ஓங்கி நிற்பதற்கு நன்னீர் வரவு குன்றியதை ஆய்வாளர்கள் காரணமாகக் காட்டுகின்றனர்.