இரண்டு சுற்று ஓட முப்பத்திரண்டு வருடம்!

எண்ணூறு மீட்டர் என்பது எவ்வளவு தூரம்? மைதானத்தை இரண்டு சுற்று. அவ்வளவுதான். ஆனால் அந்த இரண்டு சுற்றை ஒலிம்பிக்கில் மறுபடி ஓட, பெண்கள் 32 வருடம் காத்திருக்க வேண்டியிருந்தது. காரணம், ஒரு பொய்!

நவீன ஒலிம்பிக்கின் தந்தை கூபெர்த்தனுக்குப் பெண்கள் போட்டியிடுவதே பிடிக்காது. ஜெயித்த ஆண்களுக்கு மாலை போட்டால் போதும் என்பது அவர் கட்சி. 'அப்படியா சங்கதி?' என்று ஆலிஸ் மிலியா என்ற பிரெஞ்சுப் பெண்மணி, 1922-ல் பாரீஸில் பெண்களுக்கென்றே தனி ஒலிம்பிக் நடத்திக் காட்டினார். கூட்டம் திரண்டது. ஒலிம்பிக் பெரியவர்கள் இறங்கி வந்தார்கள். 1928, ஆம்ஸ்டர்டாம். பெண்களுக்கு ஐந்து தடகளப் போட்டிகள். அதில் ஒன்று 800 மீட்டர்.

ஆகஸ்ட் 2. இறுதிப் போட்டியில் ஒன்பது பேர். ஜெர்மனியின் லினா ராட்கே 2 நிமிடம் 16.8 விநாடியில் ஓடி முடித்தார். உலக சாதனை! இரண்டாவது, ஜப்பானின் கினுவே ஹிட்டோமி. 100 மீட்டரில் தோற்ற ஏமாற்றத்தில், அதுவரை பழக்கமே இல்லாத 800-ல் துணிந்து இறங்கிய 21 வயதுப் பெண்.

மறுநாள் பேப்பரில் சாதனை வந்திருக்கும் என்றுதானே நினைக்கிறீர்கள்? அதுதான் இல்லை. பெண்கள் சுருண்டு விழுந்தார்களாம், பார்க்கவே பரிதாபமாம்! '11 பேர் ஓடினார்கள், ஐந்து பேர் பாதியிலேயே நின்றுவிட்டார்கள், ஐந்து பேர் முடித்ததும் மயங்கி விழுந்தார்கள்' என்றுகூட ஒரு அமெரிக்க எழுத்தாளர் எழுதினார். ஓடியதே ஒன்பது பேர்! ஒன்பது பேரும் ஓட்டத்தை முடித்தார்கள். களைப்பில் சிலர் தரையில் சாய்ந்தது உண்மை. உயிரைக் கொடுத்து ஓடினால் யார்தான் சாயமாட்டார்கள்?

1908 லண்டன் மாரத்தானில் இத்தாலியின் டொராண்டோ பியெத்ரி, எல்லைக்கோட்டை நெருங்கும்போது திரும்பத் திரும்ப விழுந்தார். அவரைத் தூக்கி நிறுத்தி நடத்திச் சென்றார்கள். அதனால் பதக்கம் போனது. ஆனால் மறுநாள் ராணியே கோப்பை பரிசளித்தார். ஆண்களுக்கு மாரத்தான் வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. ஆண் விழுந்தால் வீரம், பெண் விழுந்தால் பலவீனம்!

800 மீட்டர் தூக்கப்பட்டது. அதன்பின் 1956 வரை ஒலிம்பிக்கில் பெண்களின் ஓட்டம் 200 மீட்டரைத் தாண்டவில்லை. 1960-ல், ரோமில்தான் 800 திரும்பி வந்தது. 1984-ல் பெண்கள் மாரத்தானே ஓடினார்கள். 42 கிலோமீட்டருக்கும் மேல்!

ஹிட்டோமி இதையெல்லாம் பார்க்கவில்லை. நிமோனியா கண்டு, 24 வயதில் இறந்துபோனார். தேதி, 1931 ஆகஸ்ட் 2. அந்த ஓட்டத்துக்குச் சரியாக மூன்று வருடம் கழித்து.

பத்திரிகைக்காரனாக இதை எழுதும்போது எனக்குக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஒன்பது தலைகளை ஒழுங்காக எண்ணியிருந்தால் போதுமே, சார்!