ஓர் அடிக்கு ஓர் அங்குலம்

அட்டையை வெட்டி என் பொம்மை வீட்டுக்கு அலமாரி ஒட்டும்போதெல்லாம் வின்ட்சர் கோட்டையில் உள்ள ராணி மேரியின் பொம்மை வீடுதான் என் மனசில் நிற்கும். புது டில்லியை வடிவமைத்தவர்களில் ஒருவரான எட்வின் லட்யன்ஸ் உருவாக்கியது. 1921-இல் தொடங்கி 1924-இல் முடிந்தது. நிஜ வீட்டின் ஓர் அடி அதில் ஓர் அங்குலம். குழாயில் தண்ணீர் வரும், விளக்கு எரியும், லிஃப்ட் ஏறி இறங்கும்.

எனக்கு உயிர் அதன் நூலகம். கானன் டாயில் அதற்கென்றே ஒரு ஷெர்லாக் ஹோம்ஸ் குறுங்கதை எழுதிக் கொடுத்தார். உள்ளங்கைக்குள் ஒளிந்துகொள்ளும் புத்தகம்! அந்த ஆசையில் நேற்று நானும் எட்டுப் பக்கம் தைத்தேன். புத்தக முதுகில் நூல் துருத்தியது. பிரித்துவிட்டேன், இன்று ஒற்றை இழையில் தைக்கிறேன்.