கூலும் கோலியும்

இமாச்சலப் பிரதேசத்தின் காங்க்ரா பள்ளத்தாக்கில் நெல்லுக்கும் கோதுமைக்கும் நூற்றாண்டுகளாக நீர் தந்துவருவது ‘கூல்’. தவுலாதார் மலைத்தொடரிலிருந்து இறங்கும் ஓடையின் குறுக்கே பாறாங்கற்களை அடுக்கித் தற்காலிக அணை போடுவார்கள். மலைச்சரிவை ஒட்டி, வாட்டம் பார்த்து வெட்டிய வாய்க்காலில் நீரைத் திருப்பிப் படிவயல்களுக்குக் கொண்டுபோவார்கள். நீர் வயலிலிருந்து வயலுக்கு இறங்கும். மிஞ்சியது மீண்டும் ஓடையில் சேரும். அந்த வாய்க்காலின் பெயர்தான் கூல்.

இதன் மூலம் ‘குல்யா’ என்னும் சமஸ்கிருதச் சொல். சிற்றாறு, பாசனக் கால் என்பன அதன் பொருள். ரிக் வேதத்தின் பத்தாம் மண்டலத்தில், இந்திரனை நோக்கிப் பாயும் சோமத்துக்கு உவமையாக, ஏரியை நோக்கி ஓடும் குல்யாக்கள் வருகின்றன. பிராகிருதத்தில் இந்தச் சொல் ‘குல்லா’ ஆயிற்று. பின்வந்த மொழிகள் பலவற்றில் இரட்டித்த மெய் ஒன்றாகி, முன்னுள்ள குறில் நீண்டது. ஏழு என்னும் எண்ணைக் குறிக்கும் ‘சப்த’ என்பது ‘சத்த’ ஆகி, இந்தியில் ‘சாத்’ ஆன அதே வழிதான் இது. பஞ்சாபியிலும் காங்க்ராவின் பேச்சிலும் அது கூல் என வழங்குகிறது.

இமயமலையின் தென்சரிவு நெடுகிலும் இதற்கு உறவினர் உண்டு. நேபாளத்தில் பாசன வாய்க்கால் ‘குலோ’. அரசர்கள் வெட்டுவித்தது ‘ராஜ்குலோ’. லலித்பூர் நகரத்துக் கல்தாரைகளுக்கு நீர் ஊட்டியவை அத்தகைய ராஜ்குலோக்களே. காஷ்மீரியில் ஓடையும் காலும் ‘கொல்’. ஸ்ரீநகரின் குட்டகுல், சூன்ட்குல் என்னும் கால்வாய்ப் பெயர்களின் ஈற்றில் நிற்பது அதுவே.

உறவு போலத் தோன்றும் வேற்றுச் சொற்களும் உண்டு. மத்திய ஆசியாவின் இஸிக்குல், கரகுல் என்னும் பெயர்களில் வரும் ‘குல்’ துருக்கிய மொழிச் சொல். அதற்கு ஏரி என்று பொருள். தமிழ் வாசகருக்குக் குளம் நினைவுக்கு வரும். குளம் தேங்கும் நீர், குல்யா ஓடும் நீர். ஓசை ஒத்திருப்பதை மட்டும் வைத்து இரண்டையும் ஒரு வேரில் கட்டக் கூடாது.

கூலிலிருந்து கிளைத்த சொற்களில் தலையாயது ‘கோலி’. பஞ்சாபில் குடும்பப் பெயராக வழங்கும் கோலியை இங்கே நினைக்க வேண்டாம். இது ஒரு பொறுப்பின் பெயர். கூலைக் காப்பவர், நம் ஊர் நீர்க்கட்டியைப் போன்றவர். பாசனப் பருவம் தொடங்கும்போது உழவர்களைத் திரட்டுவதும், அணையைக் கட்டுவிப்பதும், வாய்க்காலைச் செப்பனிடுவிப்பதும், முறை வைத்து நீர் பங்கிடுவதும் அவர் வேலை. தக்க காரணமின்றி வேலைக்கு வராதவருக்கு அந்தப் பருவத்தில் நீர் கிடையாது. வர முடியாதவர் மாற்றாள் அனுப்பலாம். அனில் அகர்வாலும் சுனிதா நாராயணும் தொகுத்து 1997இல் வெளியான நூல் இந்த ஏற்பாட்டைப் பதிவு செய்திருக்கிறது. ஒரு கூலை நம்பி 6 முதல் 30 உழவர்கள் வரை இருந்தார்கள். சுமார் 20 ஹெக்டேர் பாய்ந்தது.

1905 ஏப்ரல் 4ஆம் நாள் வந்த காங்க்ரா நிலநடுக்கம் ஏறக்குறைய 20,000 பேரைக் கொன்றது. கூல்களும் சிதைந்தன. மக்கள் அவற்றை மீண்டும் வெட்டினார்கள். கல்லும் மண்ணும் போனாலும் கூட்டி வேலை வாங்க ஆளும் வழக்கமும் இருந்ததால் அது முடிந்தது. பின்னர் ஆங்கில ஆட்சி ஒவ்வொரு கூலின் உரிமைகளையும் முறைகளையும் ‘ரிவாஜ்-இ-ஆப்பாஷி’ என்னும் ஏட்டில் எழுதிவைத்தது. ரிவாஜ் என்றால் வழக்கம், ஆப்பாஷி என்றால் நீர்ப்பாசனம்.

சட்டத்தின் மொழி வேறாக இருந்தது. 1905இல் பஞ்சாபும் 1976இல் இமாச்சலமும் இயற்றிய சட்டங்களின் பெயரில் இருப்பது ‘சிறு கால்வாய்’. கூல் என்ற சொல்லிலிருந்து கோலி பிறந்தார். சிறு கால்வாய் என்ற சொல்லிலிருந்து அப்படி ஒருவர் பிறக்க வழியில்லை.

இன்று மலைக்கிராமத்துப் பிள்ளைகள் வெளியூர் வேலைக்குப் போகிறார்கள். அணை கட்ட ஆள் சேர்வது அரிதாகிறது. சில கூல்களை அரசுத் துறையே எடுத்து நடத்துகிறது; சிமென்ட் பூசுவதைப் பாதுகாப்பு என்று கணக்கெழுதுகிறார்கள். சிமென்ட் கசிவைக் குறைக்கும். ஆனால் வறண்ட மாதத்தில் மேல்வயல்காரரையும் கீழ்வயல்காரரையும் அதனால் ஒரு பேச்சுக்குக் கொண்டுவர முடியாது. நேபாளத்தில் அரசியல் அறிவியலாளர் எலினோர் ஆஸ்ட்ரமும் அவரோடு ஆய்ந்தவர்களும் கண்டதும் இதுவே: உழவர்கள் தாமே நடத்திய பாசன அமைப்புகள், அரசு நடத்தியவற்றைவிட பொதுவாக நன்றாக இயங்கின.

ஆகவே மலைநீரைக் காக்கும் திட்டம் தீட்டுவோர் மதிப்பீட்டில் கல்லுக்கும் சிமென்டுக்கும் முன்னால் கோலியின் ஊதியத்தை எழுதட்டும். நீர் பங்கிடும் அதிகாரத்தை உழவர் கூட்டத்துக்கே விட்டுவைக்கட்டும். கோலி இல்லாத கூல் நெடுநாள் ஓடாது.