ஒலிப்பதிவுக்கு முந்தைய உழைப்பு



தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856-இல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடுக்கு ஓடியது. அம்பத்தூர், ஆவடி, அரக்கோணம் எல்லாம் அந்தத் தடத்து ஊர்கள்தான். கானா பாடகி இசைவாணி ராயபுரத்துக்காரர். பா. ரஞ்சித் ஆவடிக்கு அருகே கரலப்பாக்கத்தில் பிறந்தவர். தெருக்குரல் அறிவு அரக்கோணத்துக்காரர். இவர்களின் புகழைப் பாட நான் வரவில்லை. ஒரு பாட்டு மைக்குக்கு முன்னால் போய் நிற்பதற்குள் எவ்வளவோ வேலை நடந்து முடிந்திருக்கிறது. அந்த வேலை யார் கணக்கில் எழுதப்படுகிறது என்பதே என் கேள்வி.

நம் சேரிகளில் அந்த வேலையின் பட்டறை சாவு வீடு. மரண கானா பாடுகிறவர் இறந்தவரின் பெயரையும் தொழிலையும் பிள்ளைகளின் பெயர்களையும் கேட்டுவாங்கி, இரவோடு இரவாக மெட்டுக்குள் உட்கார வைப்பார். சந்தம் இடறினால் சுற்றியிருப்பவர்களின் முகமே சொல்லிவிடும். உட்காராத சொல் அடுத்த சாவு வீட்டில் மாறியிருக்கும். ஒப்பாரி சொல்லும் பெண்களும் இப்படித்தான் வரி சேர்த்தார்கள். பாட்டு நின்றது, திருத்தியவர்களின் பெயர் நிற்கவில்லை. பின்னால் சினிமா கானாவை எடுத்துக்கொண்டபோது, மெட்டு ஊருக்குப் பொதுவாகவும் லாபம் ஒருவருக்கு மட்டுமாகவும் போனது.

நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்ந்து உருவாக்கிய 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' 2018 ஜனவரி 6 அன்று கீழ்ப்பாக்கத்தில் மேடையேறியது. 19 கலைஞர்கள். அயோத்திதாசப் பண்டிதரின் 'சாதி பேதமற்ற தமிழர்' என்ற சிந்தனையிலிருந்து வந்த பெயர். கானாக்காரர், ராப் பாடுகிறவர், கிட்டார் வாசிப்பவர் எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்து இடஒதுக்கீட்டையும் மாட்டுக்கறியையும் பாட்டாக்கினார்கள். சாவு வீட்டுப் பட்டறை இங்கே தன் ஆட்களின் பெயரோடு வந்தது.

ஆனால் சிக்கல் தீரவில்லை. 2021 மார்ச்சில் வெளியான 'என்ஜாய் எஞ்சாமி'க்குப் பின்னால், இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துத் திரும்பிய அறிவின் பாட்டி வள்ளியம்மாளின் வாழ்க்கை இருக்கிறது. 2022 ஜூலையில் சென்னை செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழாவில் அறிவு இல்லாமலே அந்தப் பாட்டு பாடப்பட்டது. சில நாளில் அறிவு பேசினார்: மெட்டோ ஒரு சொல்லோ தனக்கு யாரும் தரவில்லை, ஏறக்குறைய 6 மாதம் தூக்கமில்லாமல் உழைத்தேன் என்றார். இசையமைத்தது தான் என்றும், வருவாயிலும் உரிமையிலும் தீ, அறிவு, தான் மூவருக்கும் சமபங்கு என்றும் சந்தோஷ் நாராயணன் விளக்கம் தந்தார். தீர்ப்புச் சொல்வது என் வேலையல்ல. அந்த ஆறு மாதத்துக்கு மேடையில் இடமில்லை என்பதை மட்டும் கவனியுங்கள்.

1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் வரி, இசை, ஒலிப்பதிவு மூன்றையும் தனித்தனிப் படைப்பாகவே பார்க்கிறது. 2012-இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு, பாட்டைத் தயாரிப்பாளருக்கு எழுதிக் கொடுத்தாலும், திரையரங்கில் படம் ஓடுவது தவிர மற்றப் பயன்பாடுகளில் ராயல்டியில் சமபங்கு பெறும் உரிமை எழுதியவரையும் இசையமைத்தவரையும் விட்டுப் போகாது. ஆனால் யார் எழுதியது என்று தகராறு வந்தால் சான்று வேண்டும். வாய்மொழியாகவே பாட்டு கட்டிய சமூகத்திடம் சான்று எங்கே இருந்தது?

ஆகவே ஆவடியிலும் அம்பத்தூரிலும் பூந்தமல்லியிலும் பாட்டு கட்டும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வேண்டுகோள். அடித்துத் திருத்திய நோட்டைக் கிழித்துப் போடாதீர்கள். முதன்முதலில் முணுமுணுத்த மெட்டைத் தேதியோடு செல்போனில் வைத்திருங்கள். ஸ்டுடியோவுக்குள் போகுமுன் யார் வரி, யார் மெட்டு, யாருக்கு எவ்வளவு என்று எழுதிக் கையெழுத்திடுங்கள். ஒரு வரி பாட்டியிடமிருந்து வந்திருந்தால் பாட்டியின் பெயரையும் அதில் எழுதுங்கள்.